கங்கம்மாவுக்குக் குரல் கொடுத்தவள்

படப்பெட்டி திருச்சியிலிருந்து வந்து இறங்கும்போது மணி நாலரை. கரம்பைக்குடி டூரிங் டாக்கீஸ் முதலாளி அப்துல் ஜலீல் அதைப் பெற்ற பிள்ளையை வாங்குவதுபோல் பஸ் மேலிருந்து வாங்கினார். மூன்று நாளாகக் கீழ்வேளூர் சாலையிலும் சுற்றியுள்ள எட்டு ஊர்களிலும் அவருடைய மாட்டுவண்டி தட்டி கட்டிக்கொண்டு சுற்றியிருந்தது. "ஆந்திராவைக் கலக்கிய காதல் காவியம்! ஜமீன்தார் மகனுக்கும் மடைக்காரன் மகளுக்கும் மலர்ந்த காதல்! இப்போது தமிழ் பேசி வருகிறது!"

பெட்டியைத் திறந்து, ஆபரேட்டர் துரைராசு முதல் ரீலைக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தான். வெளிச்சத்தில் படம் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. கேட்டதும் ஜலீல் பாய் தலையில் கை வைத்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

படம் தெலுங்கு பேசியது.

"மாத்தி அனுப்பிட்டானுங்களே! நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பஸ் கெடையாதே! நான் என்ன பண்ணுவேன்?"

டென்ட்டின் மறுகோடியில் அம்சம் குடத்துத் தண்ணீரை அள்ளி மணலில் தெளித்துக்கொண்டிருந்தாள். நடவு, களை இல்லாத நேரங்களில் டாக்கீஸ் மணலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து வைப்பது அவள் வேலை. ஸ்பீக்கரில் ஒரு பெண் ஏதோ படபடவென்று பொரிந்து தள்ள, அம்சம் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"ஏம்மா, என் பொழப்பு போறது ஒனக்குச் சிரிப்பா இருக்கா?"

"அதுக்கில்ல பாய். அந்தப் பொண்ணு மாட்டத் திட்டுது. 'நீயும் ஜமீன்தார் மாதிரி தின்னுட்டுத் தின்னுட்டு அசை போட்டுக்கிட்டுக் கெடந்தா வயல யாரு உழுவா'ன்னு கேக்குது."

ஜலீல் பாய் மெல்ல எழுந்தார். கைலியில் ஒட்டிய மணலைத் தட்டக்கூட மறந்து அவள் அருகே வந்தார்.

"ஒனக்குத் தெலுங்கு தெரியுமா?"

தெரியும். அம்சத்துக்கு நாலு வயதாகும்போது, கூலி கேட்டதற்காகப் பண்ணை ஆட்கள் அவள் அப்பனைப் புளியமரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். அவன் இரவோடு இரவாகப் பெண்டாட்டி பிள்ளையுடன் நெல்லூர்ப் பக்கம் போய்விட்டான். பதின்மூன்று வருடம் அங்கே ஏர் ஓட்டி, அங்கேயே செத்துப்போனான். அம்மா பொன்னுத்தாயுடன் அம்சம் கரம்பைக்குடிச் சேரிக்குத் திரும்பி வந்து நாலு வருடம் ஆகிறது. இன்றும் கோபம் வந்தால் அவளுக்கு முதலில் தெலுங்குதான் வரும்.

"தாயி, நீதான் என் மானத்தக் காப்பாத்தணும். மைக்கத் தரேன். அவங்க பேசப் பேச நீ தமிழ்ல சொல்லு."

"ஐயையோ பாய், அத்தன சனத்துக்கு முன்னாலயா? எனக்குக் கை காலெல்லாம் ஒதறும்."

"ஒதறட்டும். வாய் ஒதறாம பாத்துக்க."

ஆபரேட்டர் அறையின் சதுர ஓட்டை வழியாக ஒரு குரல் வந்தது. "பேசு அம்சம். நீ பேசினா நல்லா இருக்கும்."

அந்த ஓட்டைப் பக்கம் திரும்பாமலே அவள் முகம் சிவந்தது. இரண்டு வருடமாக அவர்கள் இரண்டு பேருடைய பேச்சும் அந்த ஓட்டை வழியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. மாலையில் அவள் மணல் கூட்டுவாள். உள்ளே அவன் மெஷினைத் துடைப்பான். துரைராசு குடியானத் தெருப் பையன். அவன் அப்பா வைரக்கண்ணு பெரியபண்ணையிடம் ஒன்பது மா நிலத்தை, ஏறக்குறைய மூன்று ஏக்கரை, குத்தகைக்கு எடுத்து உழுகிறவர். அந்த வீட்டு நடவுக்கு அம்சமும் போயிருக்கிறாள். கொல்லைப்புறம் நிற்கவைத்து, குவித்த கையில்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். இப்படியிருக்க இந்த ஆசை எங்கே போய் முடியும் என்று இருவருமே பேசிக்கொண்டதில்லை. பேச ஆரம்பித்தால் முடிந்துவிடுமோ என்ற பயம்தான்.

*

ஏழு மணிக்கு டென்ட் நிரம்பி வழிந்தது. முன்னால் மணல்தரையில் சேரிச் சனம் முழுக்க உட்கார்ந்திருந்தது. பெண்கள் பக்கம் பொன்னுத்தாய் முதல் வரிசையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு இருந்தாள். நடுவில் பெஞ்சு, வைரக்கண்ணு அங்கே தலைத்துண்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கடைசியில் நாற்காலி. பெரியபண்ணை இம்மாதிரி இடத்துக்கெல்லாம் வரமாட்டார். அவருக்குப் பதிலாகப் பண்ணைக் காரியக்காரர் ரெத்தினம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அம்சத்துக்கு ஆபரேட்டர் அறை வாசற்படியில் இடம். படி மேடாக இருந்தது. நாற்காலிகளைவிட ஒரு முழம் உயரம். ரெத்தினம் ஒருமுறை திரும்பி அந்த உயரத்தை அளந்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

விஷயத்தை ஜலீல் பாய் மைக்கில் சொன்னதும் கூட்டத்தில் சலசலப்பு. "தெலுங்குப் படமா? காசத் திருப்பிக் குடு!" என்று நாலைந்து பேர் எழுந்தார்கள். அதற்குள் விளக்கு அணைந்தது. திரையில் ஒரு பெரிய ஏரியும், அதன் மடையைத் திறந்துவிடும் கிழவனும், அவன் மகள் கங்கம்மாவும் வந்தார்கள்.

அம்சம் மைக்கைப் பிடித்தாள். "அது... அந்தப் பொண்ணு... வாங்கங்குது" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"யார வாங்கங்குது, ஒன்னயா?" என்று ஒருவன் கத்தினான்.

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் பயம் போய்விட்டது. திரையில் கங்கம்மா மாட்டைத் திட்ட ஆரம்பித்தாள். அம்சமும் கூடவே சேர்ந்து திட்டினாள். "ஏ எருமைக்குப் பொறந்த எருத! நீயும் ஜமீன்தாரு மாதிரி தின்னுட்டுத் தின்னுட்டு அசை போடு, வயல ஒங்கப்பனா வந்து உழுவான்?"

மணல்தரை கைதட்டலில் அதிர்ந்தது. அதோடு படம் கரம்பைக்குடிக்கு வந்துவிட்டது. கங்கம்மா கரம்பைக்குடிப் பேச்சுப் பேசினாள். மடைக்காரக் கிழவன் இருமினால் அம்சமும் இருமினாள். ஜமீன்தார் மகன் சேஷு பட்டணத்திலிருந்து படித்துவிட்டு வந்து இறங்கியபோது குரலைத் தணித்து ஆண்பிள்ளையாகவே பேசிக் காட்டினாள். ஜமீன்தார் வந்தபோதுதான் அந்த வினை நடந்தது. அவருக்கு எப்படிக் குரல் கொடுப்பது என்று யோசிக்க நேரமில்லை. அவளை அறியாமல் பேச்சுக்குப் பேச்சு ரெத்தினத்தின் செருமல் வந்து விழுந்துவிட்டது. "க்ஹும்! யாருடா அங்க? க்ஹும்! குனிஞ்சு நில்லுடா!"

அப்போது சிரிப்பு கிளம்பியது பாருங்கள், டென்ட் துணியே உப்பி எழுந்ததுபோல் இருந்தது. பெஞ்சில் இருந்தவர்களே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ரெத்தினம் கால்மேல் போட்டிருந்த காலை எடுத்துக் கீழே வைத்தார்.

ஏரிக்கரையில் சேஷு கங்கம்மாவைச் சந்திக்கும் கட்டம் வந்தது. "ஒன்னப் பாக்காத நாளெல்லாம் எனக்கு நாளாவே தெரியல. வீட்ட விட்டு வரச் சொல்லு, வரேன். பேர விடச் சொல்லு, விடறேன்" என்று அம்சம் சொல்லிக்கொண்டே போனாள். குரல் அவளை மீறிக் குழைந்தது. பின்னால் அந்தச் சதுர ஓட்டையில் துரைராசு நிற்கிறான் என்பது அவளுக்குப் பிடரியில் தெரிந்தது. அவன் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்பதுபோல் இருந்தது.

டாக்கீஸில் இருந்தது ஒரே மெஷின். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போடுவார்கள். அடுத்த விளக்கு எரிந்ததும் ரெத்தினம் எழுந்து படியருகே வந்தார். மைக்கைக் கையால் பொத்தினார்.

"நல்லாத்தான் பேசுற. இனிமே வர்ற கட்டம் எனக்குத் தெரியும். நாகப்பட்டணத்துல பாத்துட்டேன். பஞ்சாயத்துல அவ ஜமீன்தார எதுத்துப் பேசுவா. நீ அத அப்படியே சொல்லக் கூடாது. கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்குறான்னு சொல்லு."

"அய்யா, அவ கேக்கலைன்னா?"

"தெலுங்கு இங்க எவனுக்குத் தெரியும்? கேளு புள்ள. குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கேன்னு சர்க்கார் சட்டம் போட்டிருக்கு. லிஸ்டு எழுதுறது யாரு? நம்ம கணக்குப்பிள்ள. ஒங்காத்தா பேரு அதுல இருக்கணுமா வேணாமா, நீயே முடிவு பண்ணிக்க."

அவர் போய் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது.

திரையில் பஞ்சாயத்து கூடியது. ஜமீன்தார் சொன்னார், அம்சமும் சொன்னாள். "க்ஹும்! இந்தப் பையன் யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டுக் கால்ல விழு. ஒங்க குடிசையெல்லாம் இருக்கும். இல்லன்னா நாளைக்குக் காலையில ஏர் விட்டு உழுதுடுவேன்."

கங்கம்மா நிமிர்ந்தாள். பேச ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லும் அம்சத்தின் காதில் கொதிக்கக் கொதிக்க விழுந்தது. வாய் திறக்கவில்லை. மணலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் வளைந்த முதுகு இருட்டிலும் தெரிந்தது. அந்த ஒற்றைக் குடிசையைக் கட்ட அவள் பட்ட பாடு தெரியும். கங்கம்மாவோ கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

"என்ன சொல்றா?"

"அம்சம், என்ன சொல்றா?"

"ஏ, ஊமையாயிட்டியா? சொல்லு!"

சொல்லு, சொல்லு என்று கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. பொன்னுத்தாய் திரும்பிப் பார்த்து, "என்னடி, வாயில கொழுக்கட்டையா? பேசுடி!" என்று கத்தினாள். அதற்குள் ரீல் தீர்ந்து திரை வெளுத்தது. விளக்கு எரிந்தது.

அம்சம் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஜலீல் பாய் ஓடி வந்தார். துரைராசு அறையைவிட்டு வெளியே வந்து, ஊர் பார்க்க அவள் அருகே உட்கார்ந்தான்.

"அந்த ஆள் என்ன சொன்னாருன்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன். நீ பேசணும்னு நான் சொல்ல மாட்டேன். ஒங்கம்மா வீடு. ஆனா பேசணும்னு ஒனக்குத் தோணினா சொல்லு, இந்த ரீல மறுபடி ஓட்டறேன்."

அவள் முகத்தைத் துடைத்தாள். ரெத்தினத்தைப் பார்த்தாள். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அந்த நிதானம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஓட்டுங்க" என்றாள்.

"பாய்?" என்றான் துரைராசு.

"ஓட்டுப்பா!" என்றார் ஜலீல் பாய். "காசு குடுத்த சனம் கேக்குது. என் லைசென்சு போனாலும் போவுது."

துரைராசு கையாலேயே ரீலைத் திருப்பிச் சுற்றினான். அந்த மூன்று நிமிஷமும் கூட்டத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை.

மறுபடி பஞ்சாயத்து. மறுபடி ஜமீன்தார். கங்கம்மா நிமிர்ந்தாள். இந்தத் தடவை அம்சமும் எழுந்து நின்றாள்.

"எதுக்கு நான் விழணும்? இந்த ஏரி மடையத் தொறந்துவிட்டது எங்கப்பன். ஒங்க வயலுக்குப் போன தண்ணிக்குத் தீட்டு இல்ல. தொறந்த கைக்கு மட்டும் தீட்டா? அவர நான் மயக்கலை. அவரு வந்தாரு, நானும் போனேன். ரெண்டு பேரும் மனுசங்க. அவ்வளவுதான்!"

கங்கம்மா பேசி முடித்தாள். வாயை மூடிக்கொண்டு ஜமீன்தாரையே பார்த்தாள். அம்சம் நிறுத்தவில்லை.

"நாத்துப் பறிச்சது நாங்க, நட்டது நாங்க, அறுத்தது நாங்க. அந்தச் சோத்த நடு வீட்டுல வெச்சுத் திங்கிறீங்க. எங்கள மட்டும் கொல்லையில நிறுத்தித் தண்ணி ஊத்துறீங்க. குடிசையப் பிரிப்பீங்களா, பிரிச்சுக்குங்க. லிஸ்டுல பேர அடிப்பீங்களா, அடிச்சுக்குங்க. துரைராசு யாருன்னு கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன்!"

மணல்தரையில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது.

"துரைராசா?" என்றது பெண்கள் பக்கத்தில் ஒரு குரல். "படத்துல பேரு சேஷுல்ல?"

அம்சத்தின் கை தானாக வாய்க்குப் போனது. அப்படியே ஓடிவிடலாமா என்று படியிலிருந்து ஒரு கால் இறங்கியது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைத் தொட்டது. அறை வாசலில் துரைராசு நின்றான். மெஷின் வெளிச்சம் அவன் முதுகுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அவ தப்பாச் சொல்லலை" என்றான் உரக்க. "நாந்தான்."

ரெத்தினம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நிறுத்துடா படத்த! ஏய் பாய், வெளக்கப் போடு!"

யாரும் விளக்குப் போடவில்லை. மணல்தரையிலிருந்து ஐம்பது அறுபது பேர் எழுந்து வந்து படியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். "படம் ஓடட்டும்" என்றான் ஒருவன், சாதாரணமாக. பெஞ்சில் வைரக்கண்ணு மெல்ல எழுந்தார். மகனைப் பார்த்தார். அவள் தோள்மேல் இருந்த அவன் கையைப் பார்த்தார். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு டென்ட்டை விட்டு வெளியே போனார்.

அம்சம் மிச்சப் படத்தையும் சொல்லி முடித்தாள். அது எப்படி முடிந்தது என்று கேட்டால் அன்று பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு இன்றும் தெரியாது. திரையை யார் பார்த்தார்கள்?

*

மறுநாள் மத்தியானம் தமிழ் பேசும் பெட்டி சரியாக வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே பண்ணையிலிருந்து உத்தரவும் வந்துவிட்டது. துரைராசு சைக்கிளை மிதித்துக்கொண்டு சேரிக்கே வந்தான். ஊர் பார்க்கப் பட்டப்பகலில் குடியானத் தெருப் பையன் சேரிக்குள் சைக்கிள் விட்டது அதுதான் முதல் தடவை.

"எங்கப்பா மகன வேணாம்னு எழுதிக் குடுக்கணுமாம் அம்சம். இல்லன்னா நாளைக்குக் காலையில டிராக்டர் விட்டு வயலத் திருப்பி உழுதுடுவாங்களாம். குத்தகை இன்னும் பதிவாகலை. அடுத்த வாரம் தாசில்தார் பாக்க வராரு. அப்ப வயல்ல எங்க பயிர் இல்லன்னா, ஒன்பது மாவும் போச்சு."

"ஒங்கப்பா என்ன சொன்னாரு?"

"சாப்பிடலை. நாத்தங்கால் வரப்புல போயி உக்காந்திருக்காரு. நாத்து தயாரா நிக்குது. சேத்துழவும் ஆயிடுச்சு. ஆனா அந்த வயல்ல எவளும் எறங்கக் கூடாதுன்னு பண்ணையில சொல்லிட்டாங்க."

அம்சம் வேப்பமரத்தடியில் சனத்தைக் கூட்டினாள். நேற்று நானூறு பேருக்கு முன்னால் பேசியவளுக்கு இன்று நாற்பது பேருக்கு முன்னால் பேசத் தயக்கமாக இருந்தது. இங்கே எல்லோரும் சொந்தக்காரர்கள்.

"நாளைக்கு விடியிறதுக்குள்ள அந்த ஒன்பது மாவையும் நடத் தொடங்கிடணும். நட்டுட்டா வயல் அவங்க கையில."

"நாம எதுக்கு நடணும்?" என்றாள் பக்கத்துக் குடிசை அஞ்சலை. "வைரக்கண்ணு மட்டும் என்ன ஒசத்தி? கையில தண்ணி ஊத்துற ஆளுதானே?"

"எனக்கும் அப்படித்தான் ஊத்துனாரு" என்றாள் அம்சம். "மறக்கலை. ஆனா இன்னைக்கு அவரு வயல்ல டிராக்டர் ஏறிச்சுன்னா நாளைக்கு நம்ம குடிசைல ஏறும். பண்ணைக்கு அவரும் ஒண்ணுதான், நாமளும் ஒண்ணுதான்."

கூட்டம் முணுமுணுத்தது. இரண்டு பக்கமும் பேச்சு வளர்ந்தது. கடைசியில் பொன்னுத்தாய் எழுந்தாள். நேற்றிலிருந்து மகளிடம் அவள் முகம் கொடுத்தே பேசவில்லை. இப்போதும் மகளைப் பார்க்காமலேதான் பேசினாள்.

"அந்த ஆளுக்காக நான் எறங்கலை. எம்மவ காதலுக்காகவும் எறங்கலை. எவளும் எறங்கக் கூடாதுன்னு சொன்னான் பாரு, அதுக்காக எறங்கப் போறேன். வர்றவ வாங்கடி."

அன்று மாலை டாக்கீஸ் பக்கமிருந்து பெரிய கூச்சல் கேட்டது. படம் சுத்தமான தமிழில் ஓட, "இந்தக் கங்கம்மா வேணாம், நேத்துக் கங்கம்மா வேணும்!" என்று சனம் கத்திக்கொண்டிருந்தது. அம்சம் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வீடு வீடாகப் போய் நாளைக்கு ஆள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

*

கிழக்கு வெளுக்கும்போது எழுபத்திரண்டு பெண்கள் வயலில் இறங்கினார்கள். ஆண்கள் நாற்றங்காலில் நாற்றுப் பறித்துச் சிறு சிறு முடிகளாகக் கட்டி வீசினார்கள். துரைராசு முழங்கால் சேற்றில் முடிகளைச் சுமந்து ஓடினான். ஆற்றில் நிறையத் தண்ணீர் வந்துகொண்டிருந்த புரட்டாசி அது. வாய்க்கால் ததும்பி ஓடியது. யாரோ ஒருத்தி குலவை விட, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அம்சம் நடுவரிசையில் நின்று, "ம், ஆகட்டும், ஆகட்டும்" என்று வேகத்தைக் கூட்டினாள். பச்சைக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் விழுந்துகொண்டே போயின.

குலவைச் சத்தம் கேட்டு வைரக்கண்ணு ஓடி வந்தார். வரப்பில் ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். கூலி பேசவில்லை, ஆள் கூப்பிடவில்லை, தன் வயலில் பாதி பச்சை பிடித்திருக்கிறது.

எட்டு மணிக்கு டிராக்டர் சத்தம் கேட்டது. ரெத்தினம் முன்னால் சைக்கிளில் வந்தார்; பின்னால் டிராக்டரும் தடியோடு நாலு பேரும். பெண்கள் நிமிரவில்லை. நடுகிற கை இன்னும் வேகமாகப் போனது. அம்சம் குனிந்தபடியே டிராக்டரின் சக்கரங்கள் வரப்போரம் வந்து நிற்பதைப் பார்த்தாள்.

"ஏத்துடா உள்ள!" என்றார் ரெத்தினம்.

டிரைவர் வெளியூர்க்காரன். நட்ட வயலைப் பார்த்தான், குனிந்திருந்த முதுகுகளைப் பார்த்தான், என்ஜினை அணைத்தான்.

"நட்ட பயிர்ல ஏத்தச் சொல்றீங்களா? வேற ஆளப் பாருங்கய்யா. நானும் சோறுதான் திங்கிறேன்."

ரெத்தினத்தின் முகம் கறுத்தது. வைரக்கண்ணுவிடம் திரும்பினார்.

"வைரக்கண்ணு, இது ஒன் வேலை இல்லன்னு எனக்குத் தெரியும். நீ கூப்பிடலை. அத்துமீறி எறங்கியிருக்காளுங்க. கூப்பிடலைன்னு ஒரு வார்த்த சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன், போலீசு வரும். ஒங் குத்தகைய யாரும் தொட மாட்டாங்க. சொல்லு, இவளுங்கள எறக்கினது யாரு?"

இப்போதுதான் பெண்கள் நிமிர்ந்தார்கள். எழுபத்திரண்டு பேரும் சேற்றுக் கையோடு அவரையே பார்த்தார்கள். அவர் சொல்லப்போகிற ஒரு சொல்லில் அத்தனை பேரும் கீழ்வேளூர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கும்.

வைரக்கண்ணு தலைத்துண்டை அவிழ்த்தார். இடுப்பில் இறுக்கிக் கட்டினார். வேட்டியை மடித்துக்கொண்டு வயலில் இறங்கினார். வரப்போரம் கிடந்த நாற்று முடி ஒன்றை எடுத்தார். சேற்றில் தளக் தளக்கென்று நடந்து நடுவரிசைக்கு வந்து, அதை அம்சத்தின் கையில் கொடுத்தார். வீசவில்லை, கையில் கை படக் கொடுத்தார்.

"எம் மருமவதான் எறக்குனா" என்றார் ரெத்தினத்தைப் பார்த்து. "வயலு எங்களுது. எறக்காம?"

ஒரே குலவை. வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருந்த கொக்குகளெல்லாம் எழும்பிப் பறந்தன. துரைராசு சுமந்துவந்த முடிகளைச் சேற்றில் போட்டுவிட்டுச் சிரித்தான், அழுதான், இரண்டையும் சேர்த்துச் செய்தான். அம்சத்தின் வாயில் வந்தது தெலுங்கு. அதை விழுங்கிக்கொண்டு, "இந்த மூலை இன்னும் பாக்கியிருக்கு மாமா" என்றாள்.

"தெரியுது ஆயி. நடு" என்றார் அவர்.

பத்து மணிக்கு ஒன்பது மாவும் முடிந்துவிட்டது.

*

தாசில்தார் சொன்ன நாளில் வந்து, பயிரைப் பார்த்து, சாட்சி கேட்டு எழுதிக்கொண்டு போனார். சாட்சி சொன்னவர்களில் பாதிப் பேர் சேரிக்காரர்கள். குத்தகை வைரக்கண்ணு பெயரில் பதிவாயிற்று. மனை லிஸ்டில் பொன்னுத்தாயின் பெயரைக் கணக்குப்பிள்ளை உண்மையிலேயே விட்டுவிட்டார். அதற்கு மனு மேல் மனு எழுதி ஒன்றரை வருடம் நடந்தார்கள். கடைசியில் கிடைத்தது.

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று சொன்னால் அது பொய். துரைராசின் அம்மா நீலாம்பாள் மூன்று நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். குடியானத் தெருவில் நாலு வீடு அவர்களோடு பேச்சை நிறுத்தியது. வைரக்கண்ணு கோயில் பங்காளிக் கூட்டத்துக்கு அதற்கப்புறம் போகவில்லை, அவர்கள் கூப்பிடவுமில்லை. கல்யாணத்துக்கு ஜலீல் பாய் டென்ட்டைத் தருவதாகச் சொன்னார். ஐப்பசி மழை வந்து டென்ட்டைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. கீழ்வேளூரில் விவசாயத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டார்கள். சர்க்கார் அதைச் செல்லும் என்று சட்டமாக்கி நாலு வருடம் ஆகியிருந்தது. சேரி முழுக்க வந்திருந்தது. குடியானத் தெருவிலிருந்து ஆறு பேர். நீலாம்பாள் வரவில்லை. அம்சம் வாசலைப் பார்த்துப் பார்த்து நின்றாள், அப்புறம் விட்டுவிட்டாள்.

திரும்பும்போது மழை கொட்டியது. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஜலீல் பாய் நனைந்த தொப்பியோடு படியில் தொங்கிக்கொண்டு, "பொண்ணு மாப்பிள்ளைக்கு வழி விடுங்கப்பா" என்று கத்தினார். அம்சமும் துரைராசும் கம்பியைப் பிடித்தபடி, கழுத்தில் மாலை நசுங்க, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார்கள். வைரக்கண்ணுவுக்கு மட்டும் முன்வரிசையில் ஓர் இடம் கிடைத்திருந்தது. நாலடி தள்ளிப் பொன்னுத்தாய் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். பஸ்ஸில் ஊர்க்காரர்கள் இருந்தார்கள், அவர்களையும் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்து எழுந்தார்.

"சம்மந்தி, இப்படி வந்து உக்காருங்க."

பொன்னுத்தாய் மகளைப் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, ஜன்னலோரமாக நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.